வாணியம்பாடி தாண்டி

போன் வந்தபோது கஜபதி ஒரு வெள்ளரிப் பிஞ்சை மிளகாய்த்தூளில் தொட்டு வாயருகே கொண்டுபோயிருந்தார். வாணியம்பாடியில் மேம்பாலத்துக்கு அடியில், நிழல் விழுந்த இடமாகப் பார்த்து மகன் விஷ்ணு புல்லட்டை நிறுத்தியிருந்தான். தண்ணீர் பாட்டில் வாங்க சாலையின் அந்தப் பக்கம் போயிருந்தான்.

மைத்துனன் கோவிந்தன்தான் பேசினான்.

"மாமா, எங்க கீறீங்க?"

"வாணியம்பாடி. சாயந்தரம் வந்துடுவோம்."

"வண்டியில போய்க்கினு கீறீங்களா, நின்னுகினு கீறீங்களா?"

"நின்னுகினுதான் கீறோம். இன்னாடா?"

"அக்கா செத்துப் போச்சு மாமா."

கஜபதி வெள்ளரியைக் கடித்தார். அது ஏற்கெனவே வாய்க்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது.

கோவிந்தன் பேசிக்கொண்டே போனான். பார்வதம் காலையில் மிளகாய் காயப்போட மொட்டை மாடிக்குப் போயிருக்கிறாள். கீழே இறங்கி வரவில்லை. எதிர் ஃப்ளாட் ஜெபா துணி எடுக்கப் போனபோது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரியே சாய்ந்து கிடந்தாளாம். ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது."

"விஷ்ணுவா ஓட்றான்?"

"ஆமா."

"அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாதீங்க. ஊடு வந்து சேரட்டும். இந்த வெயில்ல, அந்த ரோட்ல, அவன் அம்மாவ நெனச்சிக்கினு ஓட்டுனான்னா..." கோவிந்தன் மூக்கை உறிஞ்சினான். "இருட்றதுக்குள்ள வந்துடுங்க. எடுத்துடலாம்."

"ஐஸ் பொட்டி சொல்லிட்டியா?"

"வந்துகினு கீது."

"அப்ப நாளைக்கு எடு. நாங்க மெதுவாத்தான் வருவோம்."

"மாமா, சொந்தக்காரங்க எல்லாம்..."

"மெதுவாத்தான் வருவோம்டா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

விஷ்ணு இரண்டு பாட்டில்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்தபடி அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவனுடைய போன் வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தது, வழி காட்டிக்கொண்டு. கஜபதி எழுந்துபோய் அதைக் கழற்றினார். கிளிப் எப்படித் திறக்கும் என்று தெரியவில்லை. இழுத்தார். ஒரு ரப்பர் துண்டு கீழே விழுந்தது. போன் கையில் வந்த நேரத்தில் திரையில் முதல் செய்தி எட்டிப்பார்த்தது. யாரோ அருண் என்பவன், கூப்பிய இரண்டு கைகளை அனுப்பியிருந்தான்.

"இன்னாப்பா பண்ற?" விஷ்ணு வந்துவிட்டான்.

"போன் சுடுதுடா. வெடிச்சிடப் போவுது. நான் பையில வெச்சிக்கறேன்."

"மேப்பு?"

"வாணியம்பாடிலேர்ந்து ஆவடிக்கு மேப்பாடா? நேரா ஓட்டு. கடல் வந்தா நிறுத்து."

விஷ்ணு சிரித்தான். நான்கு நாளில் அப்பா சொன்ன மூன்றாவது நகைச்சுவை இது என்று எண்ணிக்கை சொன்னான். பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, அப்படியே ஹெல்மெட்டைப் போட்டான்.

கஜபதி டாங்கித் தொழிற்சாலையிலிருந்து போன மாதம் ஓய்வு பெற்றவர். அவர் பகல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது விஷ்ணு அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி வேலை முடித்து வருவான். பல வருடம் அப்பாவும் மகனும் வாசற்படியில்தான் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் செருப்பு மாட்டுவார், மற்றவர் கழற்றுவார். பிப்ரவரியில் விஷ்ணு அந்த வேலையை விட்டுவிட்டான். ஏன் என்று கஜபதி கேட்கவில்லை. பார்வதத்திடம் கேட்டார். அவனும் அவரைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் அவளிடம்தான் கேட்பான். ஒரு நாள் அவளே சோற்றுக் கரண்டியோடு கூடத்துக்கு வந்து, "ஒருத்தர் வேலைய முடிச்சிட்டு வந்து குந்திகினு கீறாரு, ஒருத்தன் வேலைய உட்டுட்டு வந்து குந்திகினு கீறான். ரெண்டு பேரும் எங்கனா போய்த் தொலைங்க. நாலு நாளு நான் கால நீட்டிப் படுக்கறேன்" என்றாள். குடகு வரை போனார்கள். தினமும் ராத்திரி இருவரும் தனித்தனியாக அவளுக்குப் போன் செய்தார்கள்.

வண்டி கிளம்பியது. கஜபதி மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் விஷ்ணுவின் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. எதிரே அடித்த காற்று அடுப்பு வாயைத் திறந்தது போலிருந்தது. கண் காய்ந்துபோய் இமைகள் ஒட்டிக்கொண்டன. மகனின் ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒரு ஸ்டிக்கர் பாதி உரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு போனார்.

ஆம்பூரில் விஷ்ணு கேட்காமலேயே ஒரு ஓட்டல் வாசலில் ஒதுக்கினான்.

"வேணாம்டா. வெயில்ல வயிறு கெட்டுடும்."

"மைசூர்லேர்ந்து ஆம்பூர் ஆம்பூர்னு நீதான சொல்லிக்கினு வந்த? எறங்குப்பா."

இறங்கினார். வேறு காரணம் எதுவும் நாக்கில் வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டால் இவனுக்கு யாரும் சோறு போட மாட்டார்கள் என்பது நினைவுக்கு வந்தது. உடம்பை எடுக்கும்வரை அடுப்பு எரியாது. எடுத்து முடித்து வந்த பிறகு இவனால் விழுங்க முடியாது. கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொதிக்கிற தார்ச்சாலையில் வெறுங்காலில் நடக்க வேண்டும். சாப்பிடட்டும் என்று நினைத்தார்.

உட்கார்ந்த பிறகு இவர் சாப்பிடாமல் இருந்தால், ஏன் என்று அவன் கேட்பான். அதனால் சாப்பிட்டார். முதல் வாய்க்கு எந்த ருசியும் இல்லை. இரண்டாவது வாய்க்கு உப்பு தெரிந்தது. மூன்றாவதுக்குப் பசித்தது. காலையில் ஓசூரில் இரண்டு இட்லி தின்றதுதான். அசிங்கமாக இருந்தது, ஆனாலும் பசித்தது. கை தானாக இலையைச் சுற்றி வந்தது. கத்திரிக்காய்த் தொக்கு தீர்ந்ததும், பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னார். சொன்ன பிறகுதான் தன் குரல் என்று தெரிந்தது.

விஷ்ணு கை கழுவப் போன சமயம் பையிலிருந்த போன் நிற்காமல் அதிர்ந்தது. பாபு என்று வந்தது. கஜபதி எடுத்தார்.

"மச்சான்... டேய்... எங்கடா கீற..." அந்தப் பக்கம் ஒருவன் அழுதுகொண்டிருந்தான்.

"நான் அவங்க அப்பா."

அழுகை சட்டென்று நின்றது. "அங்கிள்..."

"அவனுக்குத் தெரியாது. வண்டி ஓட்றான். யாரும் போன் அடிக்கக் கூடாதுன்னு உங்க ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லு."

"சொல்றேன் அங்கிள்."

"அப்புறம் இத எப்படி ஆஃப் பண்றது?"

"எத அங்கிள்?"

"இந்த போன."

பாபு மூக்கைச் சிந்திக்கொண்டே சொல்லிக்கொடுத்தான். ஓரத்துப் பொத்தானையும் மேல் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். விஷ்ணு கையைப் பேண்டில் துடைத்தபடி வருவதற்குள் திரை கறுத்துவிட்டது.

கல்லாவில் விஷ்ணு சொன்னான், "ஒரு மட்டன் பிரியாணி பார்சல்ணா. அம்மாவுக்கு."

"இன்னிக்கு செவ்வாக்கெழம. அவ துன்ன மாட்டா" என்றார் கஜபதி.

"பன்னெண்டு மணிக்கு மேல புதன்கெழம. அம்மா உக்காந்து முழிச்சிக்கினு இருந்து துன்னும், நீ பாரு. போன வாட்டி பாபு வாங்கினு வந்தப்ப அப்படித்தான், மணி பாத்துகினே இருந்துச்சி."

கல்லாக்காரர் சிரித்தார். பொட்டலம் சூடாக வந்தது. பக்கவாட்டுப் பையில், ஈரத் துண்டுகளுக்கு மேலே, அமுங்காமல் விஷ்ணு வைத்தான்.

வேலூர் தாண்டியதும் வண்டி லேசாக அலைய ஆரம்பித்தது. கஜபதிக்கு அது உடனே தெரிந்தது. வெள்ளைக் கோட்டை ஒரு முறை தொட்டு விலகியது. மறுபடி தொட்டது. தோளில் தட்டினார்.

"டேய்!"

"தூக்கமா வருதுப்பா." விஷ்ணு தலையைத் திருப்பாமல் கத்தினான். "எதுனா பேசிக்கினே வா."

"நிறுத்திப் படு."

"நிழலே இல்லயே, எங்க நிறுத்த? பேசுப்பா. எதுனா கத சொல்லு."

கஜபதியின் வாயில் இருந்தது ஒரே ஒரு செய்தி. அதைத் தள்ளிவைத்துவிட்டு வேறு எதையாவது எடுக்க வேண்டும். தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னார். டாங்கியின் சக்கரச் சங்கிலியை எப்படிக் கோப்பது என்று சொன்னார். வண்டி மறுபடி கோட்டைத் தொட்டது.

"அது வேணாம். அம்மாவப் பத்தி சொல்லு. நீ அம்மாவ மொதமொத வண்டியில எங்க கூட்டினு போன?"

"பூந்தமல்லி" என்றார் கஜபதி. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "கல்யாணம் ஆன புதுசு. என்கிட்ட ஒரு ஓட்ட மொபெட்டு. அவ தல தீபாவளிப் பொடவ கட்டிகினு பின்னால குந்திகினா. பஸ் ஸ்டாண்டு கிட்ட போறச்ச முந்தானி சக்கரத்துல மாட்டிக்கிச்சி."

"அய்யோ! அப்புறம்?"

"அப்புறம் இன்னா, எறங்க முடியல. எந்திரிச்சா பொடவ பூடும். நடு ரோட்ல அப்படியே குந்திகினு என்னத் திட்றா. பஸ்காரன் ஆரன் அடிக்கறான். பூக்காரி ஒருத்தி கத்தி எடுத்தாந்து அறுத்து உட்டா. உங்கம்மா எறங்கி, அரப் பொடவையோட, நேரா அந்த பஸ் டிரைவர்கிட்ட போயி, 'இன்னாய்யா ஆரன் அடிக்கற, உங்க ஊட்ல பொம்பள இல்லியா'ன்னு கேட்டா. அந்தாளு பஸ்ஸ ரிவர்ஸ் எடுத்துட்டான்."

விஷ்ணுவின் முதுகு குலுங்கியது. ஹெல்மெட்டுக்குள் அவன் சத்தமாகச் சிரிப்பது கேட்டது. "ரிவர்ஸா? செம்மப்பா! இன்னொண்ணு சொல்லு."

இன்னொன்று சொன்னார். அதன்பிறகு இன்னொன்று. வாலாஜா வரைக்கும் பார்வதம் யாரையாவது திட்டிக்கொண்டே வந்தாள். வண்டி வெள்ளைக் கோட்டைத் தொடவில்லை.

காவேரிப்பாக்கத்தில் புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். விஷ்ணு மூன்று நுங்கு உறிஞ்சிவிட்டு, சிமெண்டு பெஞ்சில் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தான். படுத்ததும் தூங்கிப்போனான். வாய் திறந்திருந்தது. நெற்றியில் ஹெல்மெட் பதிந்த சிவப்பு வளையம்.

கஜபதி பக்கவாட்டுப் பையைத் திறந்தார். பிரியாணி வாசனை குப்பென்று அடித்தது. இதை வீட்டு வாசலில் இறக்குவதை நினைத்துப் பார்த்தார். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழும் இடத்தில் இந்த வாசனை. எடுத்துக்கொண்டுபோய் நுங்கு சீவுகிறவளிடம் நீட்டினார். அவள் அரிவாளைக் கீழே வைக்காமல் அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னாது?"

"பிரியாணி. ஆம்பூர்ல வாங்கனது."

"கெட்டுப் போச்சா?"

"இல்லம்மா. இன்னும் சூடாத்தான் கீது, தொட்டுப் பாரு."

"நல்லாக் கீதுன்னா நீ ஏன் குடுக்கற?"

"ஊட்ல துன்ன ஆளில்ல."

"எங்க, ஊருக்குப் பூட்டாங்களா?"

"ஆமா" என்றார்.

அவள் வாங்கி முகர்ந்து பார்த்தாள். "பொண்டாட்டி ஊர்ல இல்லன்னா ஆம்பளைங்களுக்குத் துட்டும் தெரியாது, சோறும் தெரியாது" என்று பக்கத்தில் இளநீர் விற்பவளிடம் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அவருக்கு இன்னொரு நுங்கு சீவிக் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் ஒழுகியது.

கோவிந்தன் மறுபடி கூப்பிட்டான்.

"எங்க மாமா?"

"காவேரிப்பாக்கம்."

"இன்னும் காவேரிப்பாக்கமா? எல்லாரும் என்னைப் புடுங்கறாங்க. பொண்டாட்டி செத்துக் கெடக்கா, இந்தாளு ஊரச் சுத்திப் பாத்துகினு வரானான்னு கேக்கறாங்க."

"கேக்கட்டும். புள்ள தூங்கறான்."

கோவிந்தன் பக்கத்தில் யாரையோ தள்ளிப் போகச் சொன்னான். பிறகு குரலில் ஒரு பெருமை வந்தது. "ஏற்பாடு எல்லாம் பக்காவா கீது மாமா. ஒண்ணும் கவலப்படாதீங்க. பந்தல் போட்டாச்சு. நம்ம பசங்க மத்தியானமே போஸ்டர் அடிச்சி ஒட்டிட்டானுங்க. அண்ணனூர் ஸ்டேஷன்லேர்ந்து ஆவடி செக்போஸ்ட்டு, பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வரைக்கும் ஒரு செவுரு பாக்கி இல்ல. அக்கா மொகம் பெருசா, கலர்ல."

கஜபதி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"கோவிந்தா."

"சொல்லுங்க மாமா."

"புள்ளைக்குச் சொல்லாதன்னு எனக்குச் சொன்னியே."

"ஆமா."

"அவன் எந்த வழியா வருவான்னு நெனச்ச?"

அந்தப் பக்கம் பின்னணியில் யாரோ பெண் ஓங்கிக் குரலெடுத்து அழுவது கேட்டது. நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"கிழிச்சிடச் சொல்லவா மாமா?"

"கிழிக்காத. அவ மூஞ்சிய ஏன் கிழிக்கற" என்றார் கஜபதி.

அதன்பிறகு ஸ்ரீபெரும்புதூர் வரை அவர் சுவர்களையே பார்த்துக்கொண்டு வந்தார். இந்தப் பையன்கள் உற்சாகத்தில் எதுவரைக்கும் ஒட்டியிருப்பார்கள் என்று சொல்ல முடியாது. திருமழிசையில் இறங்கிச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். திருமழிசை வந்தது. டீக்கடையில் கூட்டமாக இருந்தது. கூட்டத்தில் வேண்டாம் என்று விட்டார். நசரத்பேட்டையில் நிழல் இல்லை. பூந்தமல்லி பைபாஸில் நிறுத்த இடமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் கிடைத்தது. விஷ்ணு இப்போது தெளிவாகிவிட்டான். தெரிந்த சாலை வந்ததும் வேகம் கூடியது. வெயில் சாய்ந்து முதுகில் அடித்தது.

சென்னீர்குப்பம் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் தோளில் பலமாகத் தட்டினார்.

"நிறுத்து."

"ஏன்ப்பா? இன்னும் அரை மணி நேரம். ஊட்ல போயி..."

"நிறுத்துரா!"

விஷ்ணு ஓரம் கட்டினான். எதிரே மூடியிருந்த ஒரு டயர் கடையின் ஷட்டரில், புதுப் பசை இன்னும் காயாமல், பார்வதம் இருந்தாள். கஜபதி இறங்கியதும் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். ஷட்டருக்கு முதுகு காட்டி மகனுக்கு முன்னால் வந்து நின்றார். மறைக்குமா என்று தெரியவில்லை. விஷ்ணு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி பெட்ரோல் டாங்க் மேல் வைத்தான்.

"வாந்தி வருதா? சொன்னேன்ல, நுங்கு ஜாஸ்தி..."

"அம்மா செத்துட்டாடா."

வரும் வழியெல்லாம் வேறு வாக்கியங்களைத் தயாரித்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"காலைல. மொட்ட மாடியில. ஜெபாதான் பாத்திருக்கா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள ஒண்ணும் இல்ல."

விஷ்ணு அவரைப் பார்த்தான். பிறகு வண்டியைச் சுற்றிப் போனான். பக்கவாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து கையை உள்ளே விட்டான். துண்டை வெளியே எடுத்துப் போட்டான். அழுக்குத் துணியை எடுத்தான். இரண்டு கைகளையும் உள்ளே விட்டுத் துழாவினான்.

"பார்சல் எங்க?"

"விஷ்ணு..."

"பார்சல் எங்கப்பா?"

"காவேரிப்பாக்கத்துல குடுத்துட்டேன். நொங்கு சீவுற அம்மாகிட்ட."

"யாரக் கேட்டுக் குடுத்த?"

கஜபதி குனிந்து துண்டை எடுத்து நீட்டினார். விஷ்ணு வாங்கிக்கொண்டான்.

"அது அம்மாவுக்கு வாங்குனது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் குடுத்த? எவளோ ஒருத்திக்கு? அது அம்மாவுக்கு வாங்குனதுப்பா!" சத்தம் போட்டான். சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுப் போனார். விஷ்ணு கையில் இருந்த துண்டைப் பார்த்தான். குரல் இறங்கியது. "அப்ப காவேரிப்பாக்கத்துலயே தெரியுமா ஒனக்கு?"

"வாணியம்பாடிலயே தெரியும்."

கஜபதி அவன் கணக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவன் முகம் ஒவ்வொரு ஊராகத் திரும்பிப் போனது. எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

"சாப்ட்டியே" என்றான் விஷ்ணு.

"ஆமா."

"கத்திரிக்கா ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்குன."

"ஆமா."

"நானும் துன்னேன். வழிச்சி வழிச்சித் துன்னேன். கத சொன்ன. நான் சிரிச்சிக்கினே வந்தேன்."

"தூங்கி விழுந்துருப்ப."

"விழுந்துருந்தா இன்னா இப்ப?"

விஷ்ணு துண்டை உள்ளே திணித்தான். அழுக்குத் துணியைத் திணித்தான். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே விட்டான். அப்போதுதான் ஷட்டரைப் பார்த்தான். அவரைத் தாண்டி, கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சாவியக் குடு."

"நான் ஓட்றேன்."

"ஒனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது. குடு."

"பின்னால ஒக்காரு."

"குடுப்பா!"

"ஒக்காருடா" என்றார் கஜபதி. கத்தவில்லை. தொழிற்சாலையில் புதுப் பையன்களிடம் பேசும் குரல் அது. வீட்டில் அதை உபயோகித்ததில்லை. "இன்னிக்கு என்னால முடிஞ்சது இது ஒண்ணுதான். ஒக்காரு."

மகனின் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளே ஈரமாக இருந்தது, அவனுடைய வியர்வை. தன்னுடையதை அவன் கையில் கொடுத்தார். அவர் கடைசியாக புல்லட் ஓட்டியபோது கியர் வலது காலில் இருந்தது. இதற்கு இடது காலில். முதல் தடவை கிளட்ச்சை விட்டதும் வண்டி குதித்து நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் நின்றது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரனை அழுத்திப் பிடித்தது.

"பெருசு! ஊட்ல சொல்ட்டு வந்துட்டியா?" ஓட்டுநர் தலையை நீட்டிக் கேட்டுவிட்டு ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான்.

மூன்றாவது தடவை வண்டி நகர்ந்தது.

விஷ்ணு பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தான். கேரியர் கம்பியைப் பிடித்திருக்க வேண்டும், அவர் மேல் கை படவில்லை. இருவருக்கும் நடுவே காற்று போவது முதுகில் தெரிந்தது. ஆவடி சாலையில் கோவிந்தன் சொன்னபடியே ஒரு சுவர் பாக்கியில்லை. டிரான்ஸ்பார்மரில், வேலை நடக்கும் இடத்தின் தகரத் தடுப்பில், மூடிய கல்யாண மண்டபத்தின் மதிலில், வரிசையாக நான்கு நான்காகப் பார்வதம். யாருடைய காதுகுத்தலிலோ எடுத்த படம். கண் பாதி மூடியிருந்தது. அவள் பக்கத்தில் நின்றவரை வெட்டி எடுத்திருந்தார்கள். சரியாக வெட்டவில்லை. நீலச் சட்டை போட்ட ஒரு தோள் மட்டும் அவளை ஒட்டி நின்றது. அந்தச் சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. கஜபதி சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். பின்னால் இருப்பவன் எல்லாவற்றையும் பார்க்கிறான் என்று தெரியும்.

கடுவெட்டிப் பாலத்துக்கு ஏறும்போது முன்னால் ஒரு தண்ணீர் லாரி போய்க்கொண்டிருந்தது. ஒரு நாய் குறுக்கே வந்ததோ என்னவோ, லாரி சட்டென்று பிரேக் போட்டது. கஜபதியும் போட்டார். எந்தக் கால் பிரேக் என்று யோசிப்பதற்குள் இரண்டு காலும் கையும் சேர்ந்து அழுத்திவிட்டன. வண்டி கிறீச்சிட்டு, லாரியின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. விஷ்ணு முன்னால் சரிந்து வந்து அவர் மேல் மோதினான். ஹெல்மெட்டும் ஹெல்மெட்டும் இடித்துக்கொண்டன.

லாரி நகர்ந்தது. கஜபதி முதல் கியர் போட்டார். நின்றுவிடாமல் வண்டி கிளம்பியது. விஷ்ணு பின்னால் நகரவில்லை. சரிந்த இடத்திலேயே இருந்தான். அவன் எடை முழுவதும் அவர் முதுகில் இருந்தது. சட்டைக்கு வெளியே வெயிலா அவன் மூச்சா என்று தெரியாத ஒரு சூடு.

லாரியின் குழாய் சரியாக மூடவில்லை. தண்ணீர் ஒழுகி, கொதிக்கிற தாரில் ஒற்றைக் கோடாக விழுந்துகொண்டே போனது. விழுந்த இடம் ஓரங்களிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. கஜபதி வேகத்தைக் குறைத்து, அந்த ஈரத்தின் மேலேயே ஓட்டினார்.